214-ஆம் கம்பத்துக் கவர்

தெருவிளக்கின் கண்ணாடி மூடியை மின்பிரிவில் கவர் என்பார்கள். கவரைக் கழற்றினால் முதலில் வருவது வாசனை. பல மாதம் திறக்காத அலமாரியைத் திறந்த மாதிரி வறண்ட ஒரு வாசனை. அடுத்தது தூசு. அதற்கும் கீழே பூச்சிகள். வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டு ரப்பர் விளிம்பின் விரிசல் வழியாக உள்ளே போனவை, திரும்ப வழி தெரியாமல் அங்கேயே காய்ந்து கிடக்கும். சில கவர்களில் இரண்டு விரல் கனத்துக்குச் சேர்ந்திருக்கும். விளக்கு மங்குவதற்குப் பாதி நேரம் பல்பு காரணம் இல்லை, இந்தக் குவியல்தான்.

நகராட்சி வயர்மேனுக்கு இந்த வேலையில் இருபத்தாறு வருடம். முதல் பதினைந்து வருடம் எல்லா வயர்மேன்களும் செய்வதையே அவரும் செய்தார். கவரைக் கவிழ்த்து ஒரு தட்டு தட்டுவார். கீழே யார் தலை இருக்கிறது என்பது தலைக்காரர் பாடு.

ஒரு மதியம், பேருந்து நிலையத்துக் கம்பத்தில், தட்டப் போன கை நின்றது. குவியலின் மேல் ஒரு வண்டு. செத்து எத்தனை நாளோ, பச்சை மட்டும் சாகவில்லை. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஏன் என்று கேட்டால் இன்றைக்கும், “நல்லா இருந்துச்சு,” என்பார்.

சாயங்காலம் சட்டையைத் துவைக்க எடுத்த மனைவியின் கைக்கு வண்டு வந்தது. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க ஊரார் ரத்தத்தைக் குழாய்களில் அடுக்குகிற கைக்கு ஒரு செத்த வண்டு பெரிய விஷயம் இல்லை.

“என்னங்க இது?”

“வண்டு.”

“அது தெரியுது. எங்கே எடுத்தது, என்னைக்கு எடுத்தது? லேபிள் இல்லாம கொண்டுவந்தா நாங்க வாங்க மாட்டோம்.”

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு துண்டுச் சீட்டில் தேதியையும் கம்பத்தின் எண்ணையும் எழுதி, காலி மாத்திரைக் குப்பியில் வண்டோடு சேர்த்து மூடினார். அது முதல் குப்பி. பதினோரு வருடத்தில் குப்பிகள் பீரோவின் இரண்டு தட்டுகளைப் பிடித்துக்கொண்டன. மனைவியின் புடவைகள் ஒரு தட்டு கீழே இறங்கின. அதற்காக ஒரு நாள் முழுக்க அவள் பேசவில்லை. மறுநாள் அவளே, காற்றுப் புகாத மூடியுள்ள குப்பிகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்து வைத்தாள்.

ஊரில் ஆயிரத்து நானூறு கம்பங்கள். ஒவ்வொன்றும் வருடத்தில் ஒரு தடவையாவது அவர் கைக்கு வரும். நோட்டில் எல்லா வரியும் ஒரே மாதிரி இருக்கும்: தேதி, கம்பம், என்ன, எத்தனை. பேர் தெரியாதவற்றுக்கு அவரே பேர் வைத்தார். மீசைக்காரன். கண்ணாடிச் சட்டை. வெளியே மண் நிறமும் பின்சிறகில் அடர் சிவப்பும் உள்ள ஒரு விட்டிலுக்குச் ‘சிவப்பு உள்பாவாடை’ என்று எழுதியதைப் பார்த்து மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். “நாலு பேர் பார்க்கிற நோட்டுல இதையா எழுதுவீங்க?” அவர் அதை அடிக்கவில்லை. எழுதினதை அடிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் எந்தக் கம்பியையும் தொடாதவர், பார்க்காமல் எதையும் எழுதுவதும் இல்லை. பிறகு ஏன் அடிக்க வேண்டும்?

நாலாவது வருடம், ஒரு அட்டைப்பெட்டியில் முப்பது குப்பிகளை அடுக்கிக்கொண்டு கல்லூரிக்குப் போனார். காக்கிச் சட்டையைப் பார்த்த காவலாளி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “மாடியில மூணாவது ரூம். ஃபேன் ஓடல,” என்று அனுப்பிவிட்டார். வயர்மேனும் போய் ஃபேனைச் சரிபண்ணினார். ஒயர் ஒன்று விட்டுப்போயிருந்தது. ஸ்டூலை விட்டு இறங்கிய பிறகுதான் மேஜையில் இருந்த பெண் பெட்டியைக் கவனித்தார். பூச்சிகளில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கி, அந்த அறைக்கு வந்து அவருக்கு அப்போது ஆறு மாதம்.

“இந்த நம்பர் எல்லாம் என்ன?”

“கம்பம்.”

“எல்லாத்துக்கும் இருக்கா?”

“இல்லாதது ஒண்ணு கூட இல்ல.”

அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சாயங்காலம் விளக்கு போடுகிற நேரம் வரைக்கும் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

அதிலிருந்து அவர் ‘டாக்டரம்மா’. ஏணி வண்டியின் டிரைவர் அவரை முதல்முறை பார்த்தபோது, டாக்டர் என்றதும், “ரெண்டு நாளா முட்டி வலிம்மா,” என்று ஆரம்பித்தார். “உங்களுக்கு எத்தனை கால்?” என்று டாக்டரம்மா கேட்டார். “ரெண்டுதான்.” “ஆறு இருந்தாத்தான் நான் பார்ப்பேன்.”

ஏழு வருடம் அவர்கள் சேர்ந்து வேலை செய்தார்கள். வயர்மேன் குப்பிகளைக் கொண்டுபோவார். டாக்டரம்மா உருப்பெருக்கியின் கீழ் வைத்து, புத்தகங்களைப் புரட்டி, பேர் சொல்வார். அந்த நீளமான அறிவியல் பேர்களை வயர்மேன் தடுக்காமல் சொல்லப் பழகிக்கொண்டார். அறுபத்தொன்று உறுதியானது. அறுபத்திரண்டாவது, போன வருடம் 214-ஆம் கம்பத்தில் கிடைத்தது.

அந்தக் கம்பம் குடிநீர் பம்ப் ஹவுஸ் ஓரத்தில், ஒரு அத்தி மரத்தை ஒட்டி நிற்கிறது. கவருக்குள் ஒன்றே ஒன்று, சிறகு உடையாமல் கிடந்தது. உடம்பு தும்பியுடையது, தலையிலோ பட்டாம்பூச்சிக்கு இருப்பதைப் போல நுனி தடித்த இரண்டு நீளக் கொம்புகள். இரண்டு பூச்சிகளைப் பிரித்து அவசரத்தில் மாற்றிப் பூட்டிய மாதிரி இருக்கும். கொம்புத்தும்பி என்று அவர் முன்பே பேர் வைத்திருந்தார். ஊரில் சாதாரணமாகக் கிடைப்பவற்றுக்குச் சிறகு நுனியில் பழுப்புப் புள்ளி. இதற்கு மஞ்சள் புள்ளி, தோளில் மஞ்சள் கோடு. டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்து மறுபடி பார்த்தார். அது கடற்கரை இனம். முந்நூற்று நாற்பது கிலோமீட்டர் தள்ளித் துறைமுக ஊரில் மட்டும்தான் அதுவரை பதிவு.

புதுப் பூச்சி இல்லை. உலகத்துக்குத் தெரிந்த பூச்சி, இந்த ஊரிலும் இருக்கிறது என்று முதல்முறையாகச் சொல்வது. வரைபடத்தில் ஒரு புள்ளி கூடும், அவ்வளவுதான். சொந்தக்காரர்களுக்கு இது புரியவில்லை. மைத்துனன் ஊர் முழுக்க, “மாமா ஒரு பூச்சியைக் கண்டுபிடிச்சுட்டார்,” என்று சொல்லிவைத்தான். “கண்டுபிடிக்கல மாப்ளே, இங்கேயும் இருக்குன்னு சொல்றோம்,” என்று வயர்மேன் விளக்கினால், “தன்னடக்கம்!” என்று அதற்கும் சிரித்தான்.

டாக்டரம்மாவும் அவரும் சேர்ந்து ஒரு அறிவியல் பத்திரிகைக்கு அனுப்பிய கட்டுரை ஏற்கப்பட்டது. ‘தெருவிளக்குக் கவர்களில் கிடைத்த அறுபத்திரண்டு பூச்சி இனங்கள்: ஒன்று இப்பகுதிக்கு முதல் பதிவு’ என்று தலைப்பு. கீழே இரண்டு பேர்கள், இரண்டாவது அவருடையது. ஒரு திங்கட்கிழமை காலை, திருத்திக் கொடுக்க வேண்டிய பக்கங்களை டாக்டரம்மா அலுவலகத்துக்கே கொண்டுவந்தார். முதல் பக்கத்தில் பாதிக்கு அந்தக் கொம்புத்தும்பியின் படம்.

“வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும், அண்ணா. எழுத்துப் பிழை இருந்தா பாருங்க.”

டிரைவர் பக்கத்தை வாங்கி அவர் பேரைச் சத்தமாக வாசித்தார். “அண்ணே, சம்பளச் சீட்டுக்கு அப்புறம் உங்க பேரை அச்சுல இப்பத்தான் பார்க்கிறேன்.” என்ஜினியர் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, அடுத்த மாதக் கூட்டத்தில் இதை எல்லாரும் கேட்க வாசிக்க வேண்டும் என்றார். வயர்மேன் சரி என்றார். கூச்சப்படவில்லை. அந்தப் பக்கத்தில் இருந்த ஒவ்வொரு எண்ணும் அவர் ஏணியேறிப் பார்த்தது.

அன்று மதியம் எட்டு கவர் வாங்க ஸ்டோருக்குப் போனார். ஸ்டோர் கீப்பர் மூலையில் அடுக்கியிருந்ததைக் கையால் காட்டிவிட்டுத் தேநீர்க் கோப்பைக்குத் திரும்பினார். வயர்மேன் முதல் கவரைத் திருப்பினார். விளிம்பின் உள்பக்கம் சிவப்புப் பெயின்டில் ஒரு எண்.

“நம்ம கவர்ல கறுப்பு அச்சுதானே இருக்கும்?”

“அது நம்மது இல்லப்பா. துறைமுகத்து ஊர்ல கழட்டினது. அங்கே எல்லாம் புது மாடல் விளக்கு மாத்திட்டாங்க. நல்லாத்தானே இருக்குன்னு இருநூறு கவரை லாரியில ஏத்தி இங்கே அனுப்பிட்டாங்க. போன வருஷமே வந்தாச்சு. நீ கண் ஆபரேஷனுக்கு லீவுல இருந்தே.”

“வந்ததும் கழுவினீங்களா?”

“கழுவறதா? வெளியே துணி போட்டுத் துடைச்சோம்.”

“உள்ளே?”

“உள்ளே என்ன, நாலு பூச்சி இருக்கும். மாட்டும்போது தட்டிப்பாங்கன்னு விட்டுட்டோம்.” ஸ்டோர் கீப்பர் கோப்பையை வைத்தார். “ஏன், மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு?”

வயர்மேன் கவரை வைத்துவிட்டு வெளியே வந்து டிரைவரிடம், “பம்ப் ஹவுஸுக்கு விடு,” என்றார்.

214-இல் ஏறிக் கவரைத் திறந்தார். விளிம்பின் உள்பக்கம், சிவப்புப் பெயின்ட், 871. மின்சாரம் பாயும் கம்பியைத் தொட்ட மாதிரி விரலை எடுத்துக்கொண்டார். அலுவலகப் பதிவேட்டில் இருந்தது: அவர் லீவில் இருந்த வாரம், மாற்று ஆள் அந்தக் கம்பத்தில் உடைந்த கவரை எடுத்துவிட்டு வேறு மாட்டியிருக்கிறார். கொம்புத்தும்பியை இவர் எடுத்தது அதற்கு நாலு மாதம் கழித்து. மாற்று ஆள் மாட்டும்போது தட்டினாரா இல்லையா என்று அவருக்கே ஞாபகம் இருக்காது.

கம்பம் நகராது. கவர் நகரும். பதினோரு வருடமாக அவர் எழுதிவந்தது கம்பத்தை.

அன்று சாயங்காலம் நோட்டுகள் எல்லாம் கூடத்துத் தரைக்கு வந்தன. மனைவி ஒவ்வொரு பூச்சியின் பேரையும் பட்டியலில் இருந்து வாசித்தாள். லாரி வருவதற்கு முன்னால் அது எந்தெந்தக் கம்பத்தில் கிடைத்தது என்று அவர் தேடிச் சொன்னார். அறுபத்தொன்றுக்கும் பழைய பதிவு இருந்தது. சிலவற்றுக்கு நாற்பது, ஐம்பது. சிவப்பு உள்பாவாடைக்கு மட்டும் நூற்றுப் பன்னிரண்டு.

“அப்போ ஒண்ணுதான்,” என்றாள்.

“ஒண்ணுதான். முதல் பக்கத்துல படம் போட்டிருக்கிறது.”

“யாருக்குத் தெரியும்?”

“உனக்கு, எனக்கு. ஸ்டோர் கீப்பருக்குத் தெரியும், ஆனா தெரியும்னு அவருக்குத் தெரியாது.”

மனைவி நோட்டை மூடினாள். “எங்க லேப்ல குழாய்ல இருக்கிற ரத்தம் யாரோடதுன்னு சந்தேகம் வந்தா பேச்சே கிடையாது. குப்பை. அந்த ஆளைக் கூப்பிட்டு மறுபடி ஊசி குத்துவோம். திட்டுவாங்க. திட்டட்டும்.”

“மறுபடி குத்தணும்கிறே.”

“பூச்சி இங்கே இருந்தா கையை நீட்டும். உங்களுக்குத் தெரியாத கம்பமா?”

அவர் அன்றைக்கு நன்றாகத் தூங்கினார்.

செவ்வாய்க்கிழமை காலை டாக்டரம்மாவின் அறையில் விஷயத்தைச் சொன்னபோது, அவர் கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

“அது அங்கேயிருந்துதான் வந்துச்சுன்னும் நிச்சயம் இல்லையே, அண்ணா.”

“இல்ல. இங்கே விழுந்ததாகவும் இருக்கலாம்.”

“அப்போ சந்தேகம் இருக்குன்னு ஒரு வரி சேர்த்துடலாம். பேருக்குப் பக்கத்துல ஒரு கேள்விக்குறி.”

“டாக்டரம்மா, போன வருஷம், சந்தேகம்னு அடிக்குறிப்பு போட்ட ஒரு பழைய பட்டியலை நீங்கதான் காட்டினீங்க. அதுல இருந்து எடுத்து இன்னொருத்தர், அவர்கிட்ட இருந்து இன்னொருத்தர். மூணாவது ஆள் கிட்ட வரும்போது அடிக்குறிப்பு காணாமப் போயிருந்துச்சு. கேள்விக்குறி உதிர்ந்துடும். புள்ளி மட்டும் நிக்கும்.”

“எடுத்தா தலைப்பே போயிடும். பத்திரிகை ஆசிரியர் கட்டுரையை வாங்கினதே அதுக்காகத்தான். அது இல்லாம வேண்டாம்னாலும் சொல்லலாம். ஏழு வருஷம், அண்ணா.” குரல் கொஞ்சம் உயர்ந்தது. “எனக்கு இல்ல, உங்களுக்காகத்தான் சொல்றேன். நான் இன்னும் பத்து எழுதுவேன். உங்களுக்கு இது முதல்.”

“வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் நம்ம கையிலதானே இருக்கு? உயிரோட ஒண்ணு பார்த்தா வைப்போம். பார்க்கலன்னா எடுப்போம். அது பகல்ல எங்கே உட்காரும், அதைச் சொல்லுங்க.”

டாக்டரம்மா அவரைப் பார்த்தார். பிறகு காகிதத்தை இழுத்து வரைந்தார். காய்ந்த கிளைக்குச்சியில் தலைகீழாக ஒட்டி, கொம்புகளைக் குச்சியோடு படியவைத்து, உடம்பை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பார்த்தால் ஒடிந்த சிம்பு என்றுதான் தோன்றும். பறக்கிற பருவத்துக்கு இது கடைசி வாரம். “கீழே நின்னு பார்த்தா தெரியாது. மேலே இருந்து பார்க்கணும்.”

“மேலேதானே என் ஆபீஸ்,” என்றார் வயர்மேன்.

அந்த வாரம் பம்ப் ஹவுஸ் சாலையில் எந்தப் புகாரும் ஐந்து நிமிடம் காத்திருக்கவில்லை. பல்பு மாற்ற வேண்டிய கம்பங்களில் பல்பு மாற்றினார். மாற்றி முடித்ததும் ஏணி வண்டியின் உச்சியில் ஆள் நிற்கிற தொட்டியில் நின்றபடியே பக்கத்து மரத்தின் உச்சியைக் கிளை கிளையாகப் பார்த்தார். இலைகளைத் தொடாமல், குச்சி குச்சியாக. டிரைவர் கீழே ஸ்டியரிங்கில் மோவாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, விளக்கு பார்க்க வந்தோமா, மரத்துக்குப் பேன் பார்க்க வந்தோமா?”

“இன்னும் ஒரு அடி தூக்கு.”

“பேன் கிடைச்சா சொல்லுங்க, சீப்பு வாங்கித் தரேன்.”

எதிர் வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள், விளக்கு நன்றாக எரிகிறதே, எதற்கு வந்தீர்கள் என்று கேட்டாள். “நல்லா எரியுதான்னு பார்க்கத்தாம்மா,” என்றார் டிரைவர். பட்டப்பகலில் இதைக் கேட்டு அந்த அம்மாள் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

செவ்வாய் போயிற்று. புதன்கிழமை ஒடிந்த சிம்புகளாக நூற்றைம்பது பார்த்தார். எல்லாம் ஒடிந்த சிம்புகள்தான். டிரைவர் கிண்டலை நிறுத்திவிட்டு, தன் பக்க ஜன்னல் வழியாக வேலிச் செடிகளைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். இரண்டு முறை, “அண்ணே, அதோ!” என்று கத்தினார். ஒன்று சாதாரணத் தும்பி, ஒன்று காய்ந்த இலைக்காம்பு. வயர்மேன் அசரவில்லை. இருந்தால் கிடைக்கும், இது அவர் தெரு. இல்லாவிட்டால் எழுதப் போவதில்லை. இரண்டில் எதுவானாலும் வெள்ளிக்கிழமை அவருக்கு என்ன செய்வது என்று தெரியும்.

வியாழன் மதியம் மூன்று மணிக்கு, 214-ஐ ஒட்டிய அத்தி மரத்தின் காய்ந்த கிளை நுனியில், இரண்டு வரிசையாக ஒட்டிய வெள்ளை முட்டைக் கூடுகளைப் பார்த்தார். எல்லாம் திறந்திருந்தன. முகத்தைக் கிட்டே கொண்டுபோனார். கிளையின் பட்டையில், எள் அளவுக்கு, தட்டையாக, பட்டையின் நிறத்திலேயே மூன்று புழுக்கள். தாடைகளை அகலத் திறந்து வைத்தபடி, எதற்கோ காத்திருந்தன. மூச்சு பட்டால் உதிர்ந்துவிடுமோ என்று அவர் வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

“என்ன அண்ணே?” என்றார் டிரைவர்.

“டாக்டரம்மாவுக்குப் போன் போடு.”

இருபது நிமிடத்தில் ஸ்கூட்டரில் வந்த டாக்டரம்மா, தொட்டியில் ஏறுவதற்கு முன் ஒரு நொடி தயங்கினார். உயரம் என்றால் பயம். கண்ணை மூடிக்கொண்டு ஏறி, மேலே போனதும்தான் திறந்தார். லென்ஸ் வழியாக வெகுநேரம் பார்த்தார்.

“கொம்புத்தும்பிதான். சந்தேகமே இல்ல.”

“எது?”

“அதுதான் தெரியாது.” லென்ஸை இறக்கினார். “முட்டையை வெச்சுச் சொல்ல முடியாது. புழுவை வெச்சும் சொல்ல முடியாது. நம்ம ஊர்ச் சாதாரணத்துக்கும் இதே மாதிரிதான் இருக்கும். வளர்ந்து சிறகு வந்தாத்தான் புள்ளி பழுப்பா மஞ்சளான்னு தெரியும்.”

“எவ்வளவு நாள்?”

“அடுத்த பருவம். பத்து மாசம் வைங்க.”

வயர்மேன் கீழே சாலையைப் பார்த்தார். பள்ளி விட்டு ஒரு கூட்டம் போய்க்கொண்டிருந்தது. “நாளைக்கு வெள்ளிக்கிழமை,” என்றார்.

“அண்ணா, இதே மரத்துல இருந்துச்சுன்னு ஒரு வரி...”

“எது இருந்துச்சுன்னு? பேர் தெரியாதது இருந்துச்சுன்னா எழுதறது?” சிரித்தபடியேதான் கேட்டார். டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார், கண் மட்டும் கொஞ்சம் கலங்கியிருந்தது. உயரத்தினால் என்று சொல்லிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை, டாக்டரம்மாவின் மேஜையில், சிவப்புப் பேனாவை வாங்கி வயர்மேன் தானே அடித்தார். தலைப்பில் அறுபத்திரண்டு அறுபத்தொன்றானது. முதல் பதிவு என்ற சொற்கள் போயின. படம் போயிற்று. பட்டியலின் கடைசி வரி போயிற்று. அடித்த பிறகு காலியான இடத்தைப் பார்த்து, அதற்குள் எழுதச் சொன்னார். டாக்டரம்மா அவர் சொன்னதைக் கேட்டு எழுதினார்: கவர்கள் ஊர் விட்டு ஊர் போகின்றன, கழுவாமல் போகின்றன, ஆகவே கவரில் கிடைக்கும் பூச்சிக்குக் கம்பத்தின் எண் மட்டும் போதாது, கவரின் எண்ணும் எப்போது மாட்டியது என்பதும் வேண்டும், எங்கள் நோட்டில் பதினோரு வருடமாக இது இல்லை.

“எங்கள் நோட்டுலன்னா போடறது? உங்க பேரைக் கெடுக்கும் அண்ணா.”

“என் நோட்டு, நான் எழுதல. அப்படியே போடுங்க.”

பத்திரிகை ஆசிரியர் கட்டுரையைத் திருப்பி அனுப்பவில்லை. முன்பக்கத்திலிருந்து நாற்பத்தெட்டாம் பக்கத்துக்குத் தள்ளினார். அவ்வளவுதான். அடுத்த மாதக் கூட்டத்தில் வயர்மேன் அதை வாசித்தார். ஸ்டோர் கீப்பர் எழுந்து, இனிமேல் வருகிற கவர்களை உள்ளேயும் கழுவுவதாகச் சொன்னார். “கழுவாதீங்க, முதல்ல என்னைக் கூப்பிடுங்க!” என்று வயர்மேன் பதறியதற்கு என்ஜினியர் உள்பட எல்லாரும் சிரித்தார்கள். மைத்துனன் போனில், “அப்போ கண்டுபிடிக்கலையா மாமா?” என்று கேட்டான். “இதைத்தான் உனக்கு ஒரு வருஷமா சொல்றேன்,” என்றார்.

மூன்று புழுக்களும் வீட்டுக்கு வந்தன, பட்டையோடு. குப்பியில் மனைவியின் கையெழுத்தில் லேபிள்: தேதி, கம்பம், மரம், கிளை, எடுத்தவர், பார்த்தவர். முதல் வாரத்தில் ஒன்று மற்றொன்றைத் தின்றுவிட்டது. இன்னொன்று தோலுரிக்க முடியாமல் செத்தது. மிஞ்சிய ஒன்றுக்கு, கனிந்த பழத்தை மூடிவைத்து அதில் வரும் சின்ன ஈக்களைப் பிடித்துக் கொடுத்தார்கள். “வேலையில்லாம ஈ ஓட்டறவங்களைப் பார்த்திருக்கேன். ஈ பிடிச்சு ஊட்டறவரை இப்பத்தான் பார்க்கிறேன்,” என்றார் டிரைவர். அது அசையாமல் நாள்கணக்கில் கிடக்கும்; செத்துவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் தாடைகள் சட்டென்று மூடும். ஒன்பதாம் மாதம் நூல் சுற்றிக்கொண்டு உருண்டையானது.

“பத்து மாசம் சுமந்தது இந்தத் தடவை நீங்க,” என்றாள் மனைவி.

அது வெளியே வந்தது ஒரு சனிக்கிழமை காலை. சிறகுகள் நனைந்த துணியாகத் தொங்கின. நிறம் ஏறச் சிறகு உலர வேண்டும். மனைவி பரிசோதனைக் கூடத்துக்குப் போன் செய்து, ஒரு மணி நேரம் தாமதம் என்றாள். வயர்மேனின் போனில் டாக்டரம்மா காத்திருந்தார். கணவனும் மனைவியும் குப்பிக்கு இரண்டு பக்கம் உட்கார்ந்து பார்த்தார்கள். சிறகு விரிந்தது, கண்ணாடியானது. நுனியில் ஒரு கறை தோன்றி மெல்ல அழுத்தமானது. மனைவிதான் முதலில் பார்த்தாள். சொல்வதை அவருக்கு விட்டாள்.

“பழுப்பு,” என்றார் வயர்மேன் போனில். “நம்ம பட்டியல்ல முப்பத்தேழாம் நம்பர். நம்ம ஊர்க்காரன்.”

“வருத்தமா, அண்ணா?”

“எதுக்கு? நேத்து வரைக்கும் அந்த மரத்துல யார் குடியிருக்காங்கன்னு தெரியாது. இன்னைக்குத் தெரியும். எழுதிக்குங்க.”

“எழுதிட்டேன். கூட்டையும் உரிச்ச தோலையும் எனக்குக் கொடுங்க. முப்பத்தேழு நம்மகிட்ட நிறைய இருக்கு. அதை விட்டுடுங்க.”

பத்து மணிக்கு ஏணி வண்டி பம்ப் ஹவுஸ் சாலையில் நின்றது. வயர்மேன் தொட்டியில் ஏறி, அத்தி மரத்தின் உயரத்துக்கு வந்ததும் குப்பியைத் திறந்தார். அது பறந்து ஒரு காய்ந்த குச்சியில் இறங்கியது, தலைகீழாகத் திரும்பியது, கொம்புகளைப் படியவைத்து உடம்பை நீட்டியது. ஒரு நொடி கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அவருக்கே எது குச்சி என்று தெரியவில்லை. அது இப்படிக் குச்சியில் உட்காருவதை இத்தனை கிட்டத்தில் அவர் பார்த்தது முதல்முறை. கழுத்தைச் சாய்த்து, அந்த நீட்டலின் கோணத்தையும் உடம்பின் கனத்தையும் வெளிச்சம் அதன்மேல் விழும் விதத்தையும் நன்றாகப் பார்த்துக்கொண்டார். பிறகு அதே கண்ணோடு பக்கத்துக் கிளைக்குப் போனார்.

“அப்போ அந்தக் கடற்கரைக்காரன் நம்ம ஊர்ல இல்லையா, அண்ணே?” என்று கீழேயிருந்து டிரைவர் கேட்டார்.

“இல்லைன்னு நான் எங்கேயும் எழுதலையே.”

“பின்னே?”

“பார்க்கலைன்னுதான். வண்டியை ரெண்டடி முன்னால எடு.”